கணினி சொன்ன பெயர்

"ரத்து பண்ணும்போது பாஸ்வேர்ட் கேக்க வேண்டாம். சீசன்ல கூட்டம் நிக்கும். எடுத்துருங்க." குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தும் அண்ணாச்சி என் செல்போனுக்கு அனுப்பிய செய்தி இது. வந்த செய்திகளைத் தேதியோடு எடுத்துவைப்பது என் பழக்கம். இது ஆனியில், சாரல் தொடங்கிய வாரத்தில் வந்தது.

அவருடைய அறைப் பதிவுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவன் நான். காலையில் வரவேற்பில் இருக்கும் பெண் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டுக் கணினியைத் திறப்பார். என் மென்பொருள் தனியாக எதுவும் கேட்காது; திறந்தவர் யார் என்று கணினியிடமே கேட்டு, அந்தப் பெயரிலேயே எல்லாவற்றையும் பதியும். ரத்து செய்யும் இடத்தில் மட்டும் பாஸ்வேர்டை மறுபடி கேட்க வைத்திருந்தேன். அதைத்தான் எடுக்கச் சொன்னார். ஆபத்து என்று பதில் எழுதினேன். கேட்கவில்லை. எடுத்தேன்.

ஆடியில் ஒரு ஞாயிறு காலை, கொல்லத்திலிருந்து ஒரு குடும்பம் நனைந்த குழந்தைகளோடு வந்து வாசலில் நின்றது. அவர்கள் பதிந்த அறை முந்தின நாள் மாலையே ரத்தாகி, வேறு யாருக்கோ போயிருந்தது. ரத்து செய்தவராகப் பதிவில் இருந்தது அந்தப் பெண்ணின் பெயர். அண்ணாச்சி என்னைத் தென்காசியிலிருந்து வரவழைத்தார்.

"கம்ப்யூட்டரே சொல்லுது. அவதான்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க தம்பி. இன்னைக்கே அவளை வேலையை விட்டு அனுப்பிருதேன்."

"அந்நேரம் நான் ஐந்தருவியில நின்னேன் அண்ணாச்சி," என்றார் அந்தப் பெண். "தண்ணி நல்லா விழுதுன்னு சொன்னாவ, போனேன்."

"கம்ப்யூட்டரைப் பூட்டிட்டுப் போனியா ஏட்டி?"

"இங்கன யாரு பூட்டுதா? நீங்க குளிக்கப் போகும்போது கல்லாவைக்கூடப் பூட்ட மாட்டீய."

அவர் சொன்னது உண்மை. தண்ணீர் நன்றாக விழுகிறது என்று காதில் விழுந்தால் போதும், லாட்ஜில் எல்லாரும் துண்டோடு கிளம்பிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார்.

"எழுத மாட்டேன் அண்ணாச்சி," என்றேன். "காலையில திறந்த ஆளைத்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். சாயங்காலம் உக்காந்த ஆளைத் தெரியாது."

"நீரு எழுதுன புரோகிராமை நீரே நம்ப மாட்டீரோ?"

"எவ்வளவு நம்பணுமோ அவ்வளவு நம்புதேன்."

"வேற ஆளை வச்சுக்கிடுதேன்."

"வச்சுக்கோங்க. அவரும் இதையே சொல்லலேன்னா அவருக்கு வேலை தெரியாதுன்னு அர்த்தம்."

அடுத்து, மென்பொருளே ஆளைச் சரிபார்க்கட்டும் என்று, எல்லாருடைய பாஸ்வேர்டையும் மென்பொருளுக்குள்ளேயே எழுதிவைக்கச் சொன்னார். அதற்கும் மாட்டேன் என்றேன். அங்கேயே உட்கார்ந்து, முன்பு எடுத்த பாஸ்வேர்ட் கேள்வியைத் திரும்பப் போட்டேன். ரத்து செய்பவர் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்ட வேண்டும். மென்பொருள் அதைக் கணினியிடம் கொடுத்து, சரியா தவறா என்ற பதிலை மட்டும் வாங்கிக்கொள்ளும், எதையும் வைத்துக்கொள்ளாது. அண்ணாச்சியிடம் அனுமதி கேட்கவில்லை.

லாட்ஜில் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் அந்தப் பெண்ணைப் போலவே பக்கத்து ஊரான சுரண்டைக்காரர்கள். ஆதாரம் இல்லாமல் அவரை அனுப்பினால், சீசன் நடுவில் அவர்கள் எல்லாரும் வேலையை விட்டுக் கிளம்பிவிடுவார்கள். தாள் கிடைக்கவில்லை, அவர் வேலையில் இருக்கிறார்.

அந்த மாலை வெள்ளம் காரணமாக ஐந்தருவியில் குளிக்கத் தடை இருந்தது என்று அண்ணாச்சி பிறகு சொன்னார். அப்படி இருந்து, அந்தப் பெண் சொன்னது பொய்யாகவே ஆகியிருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். தடை வந்தது இருட்டிய பிறகுதான் என்கிறார் அந்தப் பெண். அருவிக்கரைக் கடைக்காரர்கள் இருவரிடம் கேட்டேன், ஆளுக்கொன்று சொன்னார்கள். தடை எப்போது வந்தது என்பது இதுவரை உறுதிப்படவில்லை.