நுரை என்றால் நுரைதான்

மகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் சுவாசப்பை என்றிருந்ததை டீச்சர் நுரையீரல் என்றாராம். "உம்மா, அதில நுரை எங்க இருக்கு?" என்று நேற்றுக் கேட்டாள். ஆட்டு நுரையீரலைத் தண்ணீரில் அமுக்கிவிட்டால் மேலே மிதந்து வருமே, உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழிகள் என்று சொன்னேன். அவள் போய்விட்டாள். நான்தான் அந்தச் சொல்லை விட முடியாமல் இருந்தேன்.

எனக்கு முதலில் தெரிந்தது உப்பளத்து நுரை. எங்கள் ஊர் பாலாவியில் காற்று எழும்பும் மாதங்களில், உப்புப் பாத்திகளின் மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் நுரை பிய்ந்து வீதிக்குப் பறந்துவரும். அதை முகத்தில் பூசிக்கொண்டு பவுடர் போட்டதாக நினைத்து, பின்னேரம் வரை சொறிந்துகொண்டு திரிந்திருக்கிறேன். கற்பிட்டிப் பக்கம் கரையில் ஒதுங்கும் கணவாய் மீனின் ஓட்டுக்கும் கடல்நுரை என்றுதான் பெயர். கையில் எடுத்தால் அது சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருக்கும்.

சிறுவயதில் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை. வெயிலில் அலைந்து வந்த வாப்பா, "நுரை தள்ளிட்டு" என்று கதிரையில் சாய்வார். உடுப்புத் துவைத்து முடித்த உம்மாவுக்கும் நுரை தள்ளும். ஒருவர் வாயிலும் ஒரு துளி நுரையை நான் கண்டதில்லை.

இருபத்திரண்டு வயதில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் கிளார்க் வேலை கிடைத்தது. டொக்டருக்குத் தமிழ் தெரியாது. அயல்வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய சிங்களம் என்னிடம் இருந்ததால் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார். நோயாளர் நீட்டி முழக்குவதை நாலு சொல்லில் சுருக்கிக் கொடுப்பதில் எனக்குப் பெரிய பெருமை.

ஒரு நாள் காலை, ஆலங்குடாவிலிருந்து பிலோமினா என்ற பெண் தன் புருஷன் சவரிமுத்துவைத் த்ரீவீலரில் கொண்டுவந்தார்.

"விடியக்காலையில இருந்து கரைவலை இழுத்தவர், தங்கச்சி. நுரை தள்ளுது."

வலை இழுத்துக் களைத்துப்போனாராம் என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் கையில் வலிப்பு வந்த ஒரு குழந்தை இருந்தது. களைப்புத்தானே, வெளியே வாங்குப் பலகையில் இருக்கச் சொல்லு என்றார்.

கொஞ்ச நேரத்தில் பிலோமினா திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை. சேலைத் தலைப்பை என் மேசையில் விரித்தார். இளஞ்சிவப்பாக நுரை. குமிழிகள் இன்னும் உடையவில்லை.

"இதத்தான் சொன்னன்" என்றார்.

சிங்களத்தில் நுரைக்குப் பெண என்பார்கள். உள்ளே ஓடிப்போய் அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் சொல்ல முடிந்தது. டொக்டர் குழந்தையைத் தாதியிடம் கொடுத்துவிட்டு எழுந்து ஓடினார். ஒட்சிசன் கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கட்டியிருந்தது. மூச்சு ஓரளவு சீரானதும் அம்புலன்ஸில் புத்தளத்துக்கு அனுப்பினார்கள். பிழை என்னுடையது என்று டொக்டரிடம் சொன்னேன். அன்று பகல் சாப்பாட்டுப் பார்சலை நான் திறக்கவில்லை.

சவரிமுத்து பிழைத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்துக் கிளினிக்குக்கு இருவரும் வந்தபோது, அன்று களைப்பு என்று நினைத்துவிட்டேன் என்று பிலோமினாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"களைப்புந்தான், தங்கச்சி. நுரையுந்தான். ஒருக்கா கேட்டிருக்கலாமே."

அதன் பிறகு நான் கேட்கத் தொடங்கினேன். நெஞ்சு எரியுது என்றால் எந்த இடத்தில், யாரால் என்று கேட்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் அழுதுமிருக்கிறார்கள். கிளினிக் நாட்களில் டொக்டரிடம் போகுமுன் என் மேசையடிக்கு வந்து, தங்கள் வருத்தத்தை ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுப் போகும் பெண்கள் இருந்தார்கள்.

இப்போது அங்கே தமிழ் தெரிந்த டொக்டர்மார் வந்துவிட்டார்கள். நல்லதுதான், நடுவில் ஒருத்தி நிற்கவேண்டியதில்லை. என் மேசை இருந்த இடத்தில் இலக்கம் கொடுக்கும் இயந்திரம் நிற்கிறது. பெண்கள் இலக்கத் துண்டை எடுத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் வாங்கில் போய் அமர்கிறார்கள்.