பதினோரு பேருக்கு ஒரே எண்

தெருவில் அவளுக்கு மேனேஜரம்மா என்று பெயர். பெயர்தான் பெரிது, பார்த்த வேலை இஸ்திரி போடுவது. இருந்தது ஒரே அறை. அதில் பாதியை இஸ்திரி மேசை பிடித்துக்கொண்டது, மீதியைக் கட்டில். கட்டிலில் அவள் புருஷன். சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய் நான்கு வருஷம் ஆகிறது. வாய் மட்டும் நன்றாக வேலை செய்தது. காலரைச் சரியாகத் தேய்க்கவில்லை என்று படுத்தபடியே குறை சொல்வான்.

வெள்ளம் வந்து தெருவையே துடைத்துவிட்டுப் போனபின், மாதாமாதம் உதவித்தொகை கொடுத்தார்கள். முதலில் பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையில் நின்று, கைநாட்டு வைத்து வாங்கினார்கள். அவள் பங்கு அப்படியே மருந்துக்கடைக்குப் போகும். படுத்தே கிடப்பவனுக்கு முதுகில் வந்த புண்ணைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் ஒருமுறை சொன்னார். அதை இன்னொரு முறை கேட்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

அப்புறம் எங்கோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்து யாரோ யோசித்தார்கள். இனி எல்லாம் போனில். லேப்டாப்போடு ஒரு பெண் தெருவுக்கு வந்து மேசை போட்டாள். "இனிமே உங்க பணத்துல நடுவுல யாரும் கை வைக்க முடியாதும்மா" என்றாள். ஒவ்வொருத்தியிடமும் போன் நம்பர் கேட்டாள்.

போன் இல்லாமல் இல்லை. ஆனால் வீட்டுக்கு ஒன்று, அதுவும் புருஷன் சட்டைப்பையில். அந்த நம்பரைக் கொடுத்தால் பணம் எந்தக் கடைக்குப் போய்ச் சேரும் என்று தெருவில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். தனக்கென்று போன் வைத்திருந்த ஒரே பெண் இஸ்திரிக்காரி. துணி ரெடியா என்று வாடிக்கைக்காரர்கள் கேட்பதற்காக வாங்கியது, மூலையில் கீறல் விழுந்தது. பட்டியலில் இருந்த மற்ற பத்துப் பேரும் அந்த நம்பரையே சொன்னார்கள்.

"எல்லாருக்கும் ஒரே நம்பரா?"

"எங்க தெருவுக்கே அதாம்மா நம்பர்" என்றாள் பாத்திரம் தேய்க்கிறவள். லேப்டாப் பெண்ணுக்குச் சாப்பாட்டு நேரம். அப்படியே அடித்துவிட்டாள். இயந்திரமும் சமர்த்தாக வாங்கிக்கொண்டது.

ஆறு மாதம் ஓடியது. மெசேஜ் வந்ததும், யாருடைய பணம் என்று இஸ்திரிக்காரி கரித்துண்டால் சுவரில் எழுதிக்கொள்வாள். ரீசார்ஜ் கடைக்கு நடந்து போய்ப் பணமாக எடுத்து வந்து, வீடு வீடாகக் கொடுப்பாள். போய்வருகிற நேரத்தில் நாலு சட்டை தேய்த்திருக்கலாம். அதற்குக் கிடைத்த கூலிதான் அந்த மேனேஜர் பட்டம்.

ஏழாவது மாதம் பதினோரு பேருக்கும் பணம் நின்றது. அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கிருந்த சார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பத்துப் பேர் பணத்த உங்க நம்பருக்கு மாத்தியிருக்கீங்க. சிஸ்டம் பிடிச்சிருச்சு."

"நான் மாத்தல சார். அவங்களாத்தான் குடுத்தாங்க. ஒத்த ரூபா நான் தொட்டதில்ல. வேணும்னா அவங்களையே கேட்டுப் பாருங்க."

"கேக்கத்தான் போறோம்."

அதைக் கேட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தாள், பைத்தியக்காரி. பத்துப் பேர் வாயால் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தாள். பத்துப் பேரையும் யாரும் வாயால் கேட்கவில்லை. ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். அதில் இரண்டே கட்டம். என்னைக் கேட்காமல் என் பெயரில் வேறு எண்ணைச் சேர்த்துவிட்டார்கள் என்பது ஒன்று. தெரிந்தேதான் கொடுத்தேன் என்பது இன்னொன்று. இரண்டாவதில் கோடு போட்டால், போட்டவளும் கூட்டாளி, ஐந்து வருஷத்துக்குப் பணம் கிடையாது. இதையெல்லாம் அந்த சார் பொறுமையாகப் படித்துக் காட்டினார். குரலைக்கூட உயர்த்தவில்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் எந்தக் கட்டத்தில் கோடு போடுவார்கள்? அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்தப் படிவத்தை எழுதியவன்தான் கையில் கிடைக்கவேண்டும்.

தெரு மாறியது. பாத்திரம் தேய்க்கிறவள் வேறு வழியாக வீட்டுக்குப் போனாள். மேனேஜரம்மா என்று கூப்பிட ஆளில்லை. அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியான நாத்தனார் மட்டும் வந்து கட்டிலருகே உட்கார்ந்து அழுதாள். "யாரு என்ன செஞ்சாலும் நான் அந்த மொதக் கட்டத்துல கோடு போடமாட்டேன் அண்ணி. எங்க அண்ணன் மேல சத்தியம்" என்று அவன் தலையில் கை வைத்துச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இவள் அந்த வாரத்தைத் தள்ளினாள். ஒருத்தி உண்மையைச் சொன்னால் போதும், திரும்ப விசாரிப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, பெட்டியில் கரி கனிந்துகொண்டிருந்தபோது மெசேஜ் வர ஆரம்பித்தது. பதிவில் இருந்த எண் இன்னும் மாறவில்லையே. எல்லாம் இவள் போனுக்குத்தான் வந்தது. உங்கள் புகார் ஏற்கப்பட்டது. கீழே பெயர், அதற்கும் கீழே பணம் வரும் தேதி. ஒவ்வொன்றாக ஒன்பது. பத்தாவது வந்தது, நாத்தனார் பெயரில். பதினோராவது இவளுக்கே. மோசடி உறுதியானதால் ஐந்து வருஷத்துக்குப் பெயர் நீக்கம்.

சுவரில் போன மாதத்துக் கரிப் பெயர்கள் அப்படியே இருந்தன. மருந்து டப்பாவைத் திறந்து பார்த்தாள். இன்னும் மூன்று நாளைக்கு வரும்.

மத்தியானம் வாசலில் நாத்தனார் நின்றாள். உள்ளே வரவில்லை.

"அண்ணி... எனக்கு ஏதாவது மெசேஜ் வந்திருக்கா?"

கட்டிலிலிருந்து புருஷன் சொன்னான். "வந்திருந்தா படிச்சுச் சொல்லேன்டி. அவளுக்கு எழுத்துத் தெரியுமா என்ன?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். புகார் ஏற்கப்பட்டது என்பதை, பெயர் வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் சத்தமாகப் படித்தாள். புருஷன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். நாத்தனார் நிலைப்படியைப் பார்த்தபடி, முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். போய்விடுவாள் என்று இவள் நினைத்தாள். போகவில்லை.

"பணம் எப்ப வரும்னு போட்டிருக்கா அண்ணி?"

இவள் திரும்பவும் போனைப் பார்த்தாள்.

"அடுத்த மாசம் அஞ்சாந்தேதி" என்றாள்.