இருவரும் சரிசெய்த வலது பாதி

அம்பத்தூரில் ஒரு டிடிபி கடையில் பதினாறு வருஷமாகத் தமிழ் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, வார்டு தேர்தல் நோட்டீஸ், எல்லாம் இந்தப் பத்து விரல் செய்ததுதான். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் அதில் ஆறு விரல் மரத்துக் கிடந்தது.

எலும்பு டாக்டர் மணிக்கட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ரெண்டு கையையும் நெருக்கி வைத்து, மணிக்கட்டை வெளிப்பக்கம் திருப்பியபடியே வருஷக்கணக்காக அடித்ததில் நரம்பு நசுங்குகிறதாம். "இப்படியே அடிச்சா, கொஞ்ச நாள்ல காபி டம்ளர்கூடப் பிடிக்க முடியாதும்மா" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். வாசலில் நின்று அழுதேன். பிறகு ராங் சைடில் வந்த ஆட்டோக்காரரைப் பிடித்து நன்றாக ஒரு பாட்டு விட்டேன். மனசு கொஞ்சம் லேசானது.

கஷ்டகாலம் பாருங்கள், அதே வாரம்தான் எனக்கு ஒரு நல்ல வேலைக்கு வழி வந்தது. காது கேளாதவர்களுக்காக ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் கம்பெனி. வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரே ஒரு பரீட்சைதான், அதுவும் வீட்டிலேயே கேமரா முன்னால்: காதில் ஒருவர் பேசப் பேச, அரை மணி நேரம் நிறுத்தாமல் தமிழில் அடிக்க வேண்டும். என் கை பத்து நிமிஷம்தான் தாங்கும். அதற்குமேல் எந்த விரல் எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது.

ரெண்டாகப் பிளந்த கீபோர்டு என்று ஒன்று இருப்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். இடது பாதி இடது தோளுக்கு நேராக, வலது பாதி வலது தோளுக்கு நேராக. நடுவில் ஒரு ஒயர். கை கோணாமல் நேராக நிற்கும். கடையில் அதன் விலையைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிட்டேன்.

"நாமளே செஞ்சா என்ன?" என்றார் வீட்டுக்காரர்.

வீட்டுக்காரர் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் பிட்டர். விருதுநகர் பக்கத்துக்காரர். எங்கள் குவார்ட்டர்ஸில் எந்தக் கதவும் கிறீச்சிடாது, எந்தக் குழாயும் சொட்டாது. அதைவிட, எந்த ரிப்பேரும் சீக்கிரம் முடியாது. நூல் அளவு வித்தியாசம் இருந்தாலும் பிரித்துப்போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிற ஜாதி. அலுமினியத் தகட்டில் பட்டன் உட்காரும் சதுர ஓட்டைகளைக் கையாலேயே அரம் போட்டு எடுத்தார். பாதிக்கு இருபத்தொன்று. ஒரு மாசம் எங்கள் வீட்டு இட்லியில்கூட அலுமினியத்தூள் மின்னியது.

கட்டுவது அவர், ஃபர்ம்வேர் நான் என்று பாகம் பிரித்துக்கொண்டோம். எந்தப் பட்டனை அமுக்கினால் எந்த எழுத்து என்று கீபோர்டுக்குள்ளேயே உட்கார்ந்து சொல்கிற குட்டி நிரல்தான் ஃபர்ம்வேர். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் ஊரார் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது என் தொழில். இணையத்தில் ஒரு மாதிரியை எடுத்து எனக்கேற்ற மாதிரி மாற்றினேன். ஒரு கமா விட்டுப்போனதற்கு அந்தக் கம்ப்யூட்டர் நாற்பது வரி சிவப்பில் திட்டியது. எங்கள் குவார்ட்டர்ஸ் சங்கச் செயலாளர்கூட ஒரே மூச்சில் அவ்வளவு திட்டியதில்லை.

எனக்குப் பழக்கம் தமிழ்99. அதில் உயிரெழுத்து எல்லாம் இடது கை, மெய்யில் ஒன்றிரண்டு போக மற்றதெல்லாம் வலது கை. ஆகவே இடது பாதிக்கு உயிர் என்றும் வலது பாதிக்கு மெய் என்றும் வீட்டில் பெயரே வைத்துவிட்டோம். "மெய்ய எங்க வச்ச?" என்று அவர் கேட்பதும், "பிரிட்ஜ் மேல கீது" என்று நான் சொல்வதும் பக்கத்து வீட்டுக்கு எப்படிக் கேட்டிருக்குமோ!

பரீட்சை சனிக்கிழமை பதினொரு மணிக்கு. புதன்கிழமை சாயங்காலம் ரெண்டு பாதியையும் இணைத்தோம். விளக்கு எரிந்தது. சாமி கும்பிட்டுவிட்டு 'அம்மா' என்று அடித்தேன். 'அத்தா' என்று வந்தது. பூந்தமல்லியில் என் தோழி அவள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள்.

'கணவன்' என்று அடித்தேன். 'யறவட்' என்று வந்தது. அது பொருத்தமாகத்தான் இருந்தது. 'மனைவி' என்று அடித்தேன். 'தடைவி' என்று வந்தது. அவர் சிரித்த சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தப்பு எங்கே என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். இடது பாதியில் அவர் இடது ஓரத்திலிருந்து ஒன்று, ரெண்டு என்று ஆறு வரிசைக்கு ஒயர் இழுத்திருந்தார். வலது பாதியில் வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்திருந்தார். என் ஃபர்ம்வேரோ ரெண்டையும் இடமிருந்து வலமாகவே படிக்கும். அதனால் வலது பாதி முழுக்கத் தலைகீழ்.

"எங்க டிராயிங்குல இடது பீஸ மட்டும்தான் போடுவாங்க. கீழ 'வலது, இதற்கு எதிர்'னு ஒரு வரி இருக்கும். இருபத்திரெண்டு வருஷமா அப்படித்தான் செய்யிறேன். ஒரு பீஸ் திரும்பி வந்ததில்ல" என்றார்.

"வந்துச்சே, இப்ப! சரி, நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். நான் ஃபர்ம்வேர்ல ஒரு வரிய திருப்பிப் போட்டா முடிஞ்சது."

அவர் முகம் மாறிவிட்டது. "உள்ள தப்ப வச்சுக்கிட்டு மேல பெயிண்ட் அடிக்கிற கதை. அது வேலை இல்ல, ஒப்பேத்தல். நான் ஒயரப் பிரிச்சு முறையா மாத்தித் தரேன்."

"பரீட்சைக்கு மூணு நாள்தான் கீது! மறுபடியும் பிரிச்சிங்கன்னா அடுத்த பொங்கலுக்குத்தான் கைக்கு வரும்!"

கோபம் வந்தால் எனக்கு நான் பிறந்த மண்ணூர்பேட்டை வந்துவிடும். பேச்சு வளர்ந்தது. கடைசியில் நான், "சரி, நான் எதையும் தொடலப்பா சாமி!" என்றேன். அவரும், "சரி, நானும் தொடல, எப்படியோ போ!" என்றார். ரெண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டோம்.

வியாழக்கிழமை அவர் டியூட்டிக்குப் போன கையோடு நான் ஃபர்ம்வேரைத் திறந்தேன். ஒரு வரி. ஆறு எண்களைத் திருப்பிப் போட்டேன். வலது பாதியின் அடியில் இருக்கும் ரீசெட் பொத்தானை ரெண்டு தட்டு தட்டினால் அது பென் டிரைவ் மாதிரி கம்ப்யூட்டரில் தெரியும். புது ஃபைலை உள்ளே போட்டேன். 'அம்மா' என்று அடித்தேன். 'அம்மா' என்றே வந்தது. ஒரு மணி நேரம் அடித்துப் பார்த்தேன், ஒரு விரல் மரக்கவில்லை. அழுதேவிட்டேன். ஆனால் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒப்பேத்தல் பிரசங்கம் மறுபடி ஆரம்பிக்கும். ஜெயித்துவிட்டுச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் கடைக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வந்து, கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமென்று கீபோர்டு பக்கமே போகவில்லை. அவர் என்னவோ ரொம்ப சாந்தமாக இருந்தார். காபிகூட அவரே போட்டார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை பத்தே முக்காலுக்குக் கேமராவை எல்லாம் சரிபார்த்துவிட்டு, விரலைப் பழக்க 'தமிழ்' என்று அடித்தேன். 'மதிர்' என்று வந்தது.

மறுபடி அடித்தேன். மதிர்.

"யோவ்! இன்னாய்யா பண்ண இதை?"

அவர் பாத்ரூமிலிருந்து தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தார். முகத்தில் ஒரு பெருமை. "நேத்து அரை நாள் லீவு போட்டு ஒயர் பூராவும் மாத்திட்டேன். மீட்டர் வச்சு ஒவ்வொண்ணா பார்த்தாச்சு, எல்லாம் கரெக்ட்டு. நீ பரீட்சைல உக்காரும்போது தெரியட்டும்னுதான்..."

"நான் முந்தாநாளே ஃபர்ம்வேர்ல திருப்பிட்டேன்யா!"

அவர் திருப்பியதை நான் திருப்பி, நான் திருப்பியதை அவர் திருப்பி, பழையபடி அம்மா அத்தாவாகிவிட்டாள்.

"அதனால என்ன, பழைய ஃபைலப் போட்டுரு, ரெண்டு நிமிஷம்" என்றார். வலது பாதியைக் கவிழ்த்துப் பார்த்தேன். ரீசெட் பொத்தானைக் காணோம். அதன்மேல் பளபளவென்று ஒரு அலுமினிய மூடி, நாலு ஸ்க்ரூ.

"தூசி போகக் கூடாதுல்ல" என்றார், குரல் இறங்கி. ஸ்க்ரூவைத் திருகினார். அசையவில்லை. ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் கழலாமலிருக்கப் பசை போட்டு இறுக்கியிருக்கிறார். "இனிமே திறக்கிற வேலையே இல்லன்னு நெனச்சேன்மா."

மணி பத்து ஐம்பத்து மூன்று. எனக்கு அவரை அடிக்கக்கூடத் தோன்றவில்லை. இந்த வேலையும் போச்சு, இந்தக் கையும் போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவர்தான் முதலில் சொன்னார்: "உயிர் நல்லாத்தான இருக்கு?"

உயிர் நன்றாகத்தான் இருந்தது. மெய்தான் கெட்டிருந்தது. மெய்க்கு ஏன் பழைய கீபோர்டின் வலது பக்கத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது? பரண்மேல் இருந்ததை இழுத்துச் செருகினோம். இடது கை உயிரில், வலது கை தள்ளிவைத்த பழைய கீபோர்டில். கை ரெண்டும் தோளுக்கு நேராக, டாக்டர் சொன்ன மாதிரியே நின்றது. ஆனால் எங்கள் மேஜை சின்னது. பழைய கீபோர்டின் கால்வாசி அந்தரத்தில் தொங்கியது. அமுக்கினால் ஆடியது. முட்டுக் கொடுக்க எதையும் தேட நேரமில்லை.

கேமராவில் வேறு யாரும் தெரியக் கூடாது என்பது பரீட்சை விதி. அவர் துண்டோடு தரையில் உட்கார்ந்து, தொங்கிய முனையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார்.

மணி பதினொன்று. காதில் ஒருவர் கத்தரிச் செடியில் வரும் காய்ப்புழுவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நான் அடித்தேன். ஐந்தாவது நிமிஷம் அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. எங்கள் அரிசிக்கு மூன்று விசில் கணக்கு. நாலாவது வந்ததும் அவர் தவிப்போடு என்னை நிமிர்ந்து பார்த்தார். அசைஞ்சே, கொன்னுடுவேன் என்று கண்ணாலேயே சொன்னேன். அதற்கப்புறம் விசிலை எண்ணுவதை ரெண்டு பேரும் நிறுத்திவிட்டோம். அந்த அரை மணி நேரமும் கீபோர்டு நூல் அளவுகூட ஆடவில்லை. மெஷினில் கிளாம்ப் போட்ட இரும்புகூட அப்படி நிற்காது.

அந்த வேலை கிடைத்தது. இப்போதும் அதில்தான் இருக்கிறேன்.

அன்றைக்குப் பதினொன்றரைக்குத் திரை அணைந்ததும் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தேன். பத்தும் உயிரோடு இருந்தன. குக்கரை அணைத்தேன். சாதம் கூழாகியிருந்தது. இன்றைக்கு ஒரு வார்த்தை திட்டுவதில்லை என்று முடிவு செய்து, காபி போட்டுக்கொண்டு வந்து நீட்டினேன். அவர் இன்னும் தரையிலேயே இருந்தார். கையை நீட்டினார், விரல்கள் மூடவில்லை. டம்ளர் நழுவப் போனது.

"மரத்துப்போச்சும்மா" என்றார் வெட்கத்தோடு.

பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, டம்ளரை நானே பிடித்து அவர் வாயில் வைத்தேன். ரெண்டு மடக்கு குடித்தார்.

"அப்ப, என் ஒயரிங் இருக்கட்டுமா, உன் வரி இருக்கட்டுமா?"

"பேசாம குடிங்க" என்றேன்.