சத்தம் போடாத டிஸ்க்

வீட்டுக் கம்ப்யூட்டரில் மூன்று நாளாக டிக், டிக் என்று ஒரு சத்தம்.

நான் வேலை செய்கிற காக்களூர் ஷெட்டில் மோட்டாரைப் பார்க்கிற மாதிரி, ஸ்க்ரூடிரைவர் நுனியை ஹார்ட் டிஸ்க் மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்தேன். பேரிங் போவதற்குப் பத்து நாள் முன்பே கத்த ஆரம்பிக்குமே, அதே மாதிரிச் சத்தம்.

மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படம் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

இன்று காலை சிபியூவைத் தூக்கிக்கொண்டு திருவள்ளூர் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இது தாங்காது சார். எஸ்எஸ்டி டிஸ்க் போட்டுக்கோங்க. அதுல சுத்துறது எதுவும் இல்ல, சத்தமே வராது" என்றார்.

"சத்தமே வரலன்னா, போவப் போவுதுன்னு எப்படி பாய் தெரியும்?"

"தெரியாது சார். நேத்து வரைக்கும் நல்லா ஓடிக்கினு இருக்கும். காலைல ஆன் பண்ணா இருக்காது. அவ்ளோதான்."

விற்கிறவரே இப்படிச் சொன்னார். இருந்தாலும் வாங்கிவிட்டேன். படங்களையும் ஒன்று விடாமல் அதில் ஏற்றிக் கொடுத்தார்.

"பழச கழட்டிடவா சார்?"

"வேணாம் பாய். அதுவும் உள்ளயே இருக்கட்டும்."

வீட்டில் புதியதன்மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டேன். ஒன்றுமே இல்லை.

"அதான் நல்லாயிடுச்சே, இன்னாத்த கேட்டுக்கினு கீறீங்க?" என்றாள் மனைவி.

பக்கத்தில் பழையது டிக், டிக் என்கிறது. போகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் எல்லாம் அமைதியாகத்தானே இருக்கிறது?