போட்டோ என்று நினைத்து அழித்தவை

வாசகரே, உங்களை நான் நடுவராக அழைக்கவில்லை. தீர்ப்புச் சொல்பவர்கள் மேடைதோறும் கிடைக்கிறார்கள். எனக்கு வேண்டியது சாட்சி. ராசிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மாடியில், எந்நேரமும் குளிரூட்டி இரையும் அறையின் வாசலில், என்னோடு வந்து நில்லுங்கள்.

அந்த அறைக்கு டேட்டா சென்டர் என்று பெயர். லாரி புக்கிங் ஆபீஸ்களும் கோழிப்பண்ணைகளும் செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டிகளும் தங்கள் விவரங்களையெல்லாம் அங்கே ஒப்படைத்திருந்தன. ‘உங்களுக்கென்றே ஒரு சர்வர்’ என்பது எங்கள் விளம்பர வாசகம். கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கியவன் என்பதால், அதை வாடிக்கையாளரிடம் எடுத்துரைக்கும் வேலை எனக்கு. ஒரு பெரிய கணினியை மென்பொருளால் பலவாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் தனிக் கணினியாக இயங்கச் செய்வது மெய்நிகராக்கம். அது நேர்மையான நுட்பம். அதன்மேல் எனக்கு வழக்கில்லை. என் வழக்கு அதைக் கையில் வைத்திருந்தவர்மேல்.

முதலாளி முன்பு லாரி ஓட்டியவர், பிறகு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருந்தவர். சர்வர்களைப் பராமரித்தவர் சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். எனக்கு மூத்தவர், அக்கா என்பேன். ஒருநாள் காலை அக்கா முதலாளியிடம் சொன்னார்: “சார், எல்லாருக்கும் தர்றதா சொன்ன இடத்துல பாதிகூட நம்ம டிஸ்க்குல இல்ல.”

“ஏம்மா, ஓவர்லோடு ஏத்தாத லாரி இந்த ரோட்டுல எங்கம்மா ஓடுது? எல்லாரும் ஒரே நேரத்துலயா மூட்டைய எறக்கப் போறாங்க?”

“ஸ்னாப்ஷாட் வேற ஊதிட்டே போகுது. பேக்கப்புக்குத் தனிப் பெட்டி வாங்கியே ஆகணும் சார்.”

“அதான் போட்டோ புடிச்சு வெச்சிருக்கறியே, அப்புறம் எதுக்குப் பெட்டி? செத்தவனுக்கே போட்டோ இருந்தாப் போதும், மாலையப் போட்டு உட்ரலாம்!”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஸ்னாப்ஷாட் போட்டோ அல்ல. சர்வர் அன்றிருந்த நிலையில் ஒரு கோடு கிழித்துவிட்டு, அதன்பின் நிகழும் மாற்றங்களையெல்லாம் அதே டிஸ்க்கில் வேறொரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும் ஏற்பாடு. கோடு கிழித்து மாதங்கள் ஆகியிருந்தன. அந்த மாதங்களின் வியாபாரம் முழுவதும் அந்தக் கோப்புகளில்தான் இருந்தது. அக்கா இதைச் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் முதலாளிக்குப் போன் வந்துவிடும்.

ஒரு முற்பகலில் டிஸ்க் நிரம்பியது. எல்லா சர்வர்களும் ஒன்றாக உறைந்தன. மல்லசமுத்திரம் பண்ணைக்காரர் என்னிடம் போனில் கேட்டார்: “ஏனுங்க, உங்க மிசினு நின்னுபோச்சுன்னு கோழிகிட்டச் சொன்னா முட்டை போடறத நிறுத்துமுங்களா?”

அக்கா அடுத்த அறையில் மற்ற வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது பாருங்கள், வாசகரே. முதலாளி உள்ளே வருகிறார். அக்காவின் நாற்காலியில், அக்காவின் பெயரில் திறந்திருந்த திரைக்கு முன் அமர்கிறார். எல்லா சர்வர்களையும் நிறுத்துகிறார். “போட்டோதான் எடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது” என்று முணுமுணுத்தபடி ஸ்னாப்ஷாட் கோப்புகளை ஒவ்வொன்றாக அழிக்கிறார். “சார், அக்காவக் கூப்பிடட்டுங்களா?” என்றேன். “நீ பேசற வேலையப் பாரு” என்றார். நான் ஓடிப்போய் அக்காவை அழைத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. அக்கா திரும்ப இயக்கியபோது சர்வர்கள் எழுந்தன, மாதங்களுக்கு முன்பிருந்த நிலையில்.

மறுநாள் நாமக்கல்லில் ஒரு மண்டபத்தில் வாடிக்கையாளர் கூட்டம். படியேறும்போது முதலாளி என் தோளில் கை போட்டார். “சாமி, நீ நல்லாப் பேசுவ. அந்தப் புள்ள தெரியாம அழிச்சுருச்சுன்னு பக்குவமாச் சொல்லி முடிச்சுரு. அது பேர்லதான் பதிவாயிருக்குது. பொம்பளப் புள்ளைன்னா சனம் ரொம்பக் கோவிச்சுக்காது.”

அந்தக் கை என் சட்டையில் இருந்தவரை என் உடல் கூசியது. அழித்தவர் என்று பெயர் வாங்கிய ஒருவரை இந்த மாவட்டங்களில் எந்த சர்வர் அறை உள்ளே விடும்? அக்காவின் பிழைப்பை என் நாவால் முடித்துவைக்கச் சொன்னார். அதையும் எனக்குத் தரும் பாராட்டாகச் சொன்னார்.

அன்று அடுக்குமொழி எதுவும் எனக்கு வரவில்லை. “அழித்தது முதலாளி. நான் பார்த்தேன். அந்த அம்மையார் அந்நேரம் அறையிலேயே இல்லை” என்றேன்.

முன்வரிசையில் ஒரு லாரி ஆபீஸ்காரர் எழுந்தார். “ஏனுங்க, நெசமாங்களா?” என்று முதலாளியைப் பார்த்துக் கேட்டார். முதலாளி என் பக்கம் திரும்பினார். “மைக்கக் குடுத்தவனுக்கு நன்றி வேணுமடா” என்றார். கூட்டத்தில் சிலர் அதற்கும் கை தட்டினார்கள். கைதட்டலைப் பெருமையாக எண்ணி வளர்ந்தவன் நான். அந்த ஓசை அன்று எச்சில் இலைபோல் அருவருப்பாக இருந்தது.

இருவருக்கும் வேலை போயிற்று. பேருந்து நிலையத்தில் அக்கா எனக்கு நன்றி சொல்லவில்லை.

“நான்தான் அழிச்சேன்னு கேஸ் குடுக்கப் போறாராம். வேற வேலை, வேற சம்பளம்னு ஆனப்புறம் நீ பேச்சை மாத்திட்டா நான் எங்க தம்பி போவேன்?”

சேலம் வண்டிக்காகக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னேன்: “எந்த ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாலும், எந்தக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டாலும் வாரேன் அக்கா. மவுஸைப் பிடிச்சிருந்தது யார் கைன்னு இன்னைக்குச் சொன்ன மாதிரியே சொல்றேன். ஒரு சொல்லைக்கூட மாத்த மாட்டேன்.”