வாய்க்காலுக்கு விட்ட இடம்

அக்காவின் மாணவி ஒருத்தியின் நீலப் பென்சில் வரைபடத்தில் எங்கள் மனையின் மேல் வந்து நின்றபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஐயம்பேட்டைக்கு அருகே ஒரு பள்ளியில் அக்கா புவியியல் ஆசிரியை. மழைக்கு மழை எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர் தேங்கும். காரணத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று, கிராம வரைபடத்தின் நகலைக் கொடுத்து அவர்களை ஊருக்குள் நடக்க வைத்தாள். ஏரிக்குப் போகும் வாய்க்கால் வரைபடத்தில் இருந்தது, தரையில் இல்லை. அது போன வழிக்கு நீலம் தீட்டிக்கொண்டே வந்த பெண் தயங்கினாள்.

“டீச்சர், இது நீங்க வூடு கட்டிக்கினு இருக்கிற எடமாச்சே?”

“ஆமாம்மா. நிறுத்தாத, வரைஞ்சிக்கினே போ” என்றாள் அக்கா.

தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் உழைத்த குடும்பம் எங்களுடையது. வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை சுமந்து அப்பா வாங்கிய முதல் மண் அது. முன்னறைச் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியிருந்தது. அந்த முன்னறை முழுக்க வாய்க்காலின் மேல்தான் நிற்கிறது என்று அன்று மாலை அக்கா வீட்டில் சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

“ஊர்ல எவனும் எடத்த உடல, நாம மட்டும் உடணுமா?” என்று கத்தினேன்.

“நம்ம செவுத்த வெச்சிக்கினு அடுத்தவங்க செவுத்த எப்டிடா கேக்கறது?” என்றாள்.

அப்பா எழுந்து போய்விட்டார். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு காலையில் யாரையும் கூப்பிடாமல் கடப்பாரையோடு அவரே மனைக்குப் போனார். முதல் செங்கல் பெயர்ந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அடுத்த மனைக்காரரும் தன் வேலியைத் தள்ளி வைத்தார். ஊரே திருந்திவிட்டது என்று கதை விடமாட்டேன். இரண்டு வீட்டார் இன்னும் எங்களை முறைத்துக்கொண்டுதான் போகிறார்கள். ஆனாலும் தண்ணீருக்கு ஒரு வழி கிடைத்தது.

அக்கா அதோடு நிற்கவில்லை. வயலும் ஏரியும் எப்படி மனையாகின்றன, எதை இன்னும் காப்பாற்றலாம் என்று முறையாகப் படிக்க, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு மறுபடி கல்லூரிக்குப் போனாள். இன்று அவள் ஊர் ஊராக ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்கிறாள். வரைபடத்தில் முதலில் காட்டுவது எங்கள் மனையைத்தான். ஒருமுறை கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன், நெஞ்சு நிறைந்துவிட்டது. கத்தியது நான்தான் என்பதை மட்டும் அவள் அங்கே சொல்லவில்லை. அவ்வளவு நல்லவள்.

போன மழையில் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. உள்ளே தள்ளிக் கட்டிய எங்கள் சுவரை ஒட்டிச் சலசலத்து ஓடியது. அப்பா குடையைக்கூட விரிக்காமல் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

“பாருப்பா, ஏரிக்குப் போற தண்ணி நம்ம நெலத்துலதான் போவுது!”