பசுவின் காதில் சொன்ன மெட்டு

செஞ்சியில் நாகசுரம் வாசித்த விநாயகத்துக்கு மெட்டு எங்கிருந்து வருமென்று சொல்ல முடியாது. ராஜகிரி மலைப் பாறை இடுக்கில் காற்று சீறினால் ஒரு வர்ணம் பிறக்கும். விடியற்காலைக் கனவிலும் வரும். அவர் புதிதாகக் கட்டியதைக் கேட்க அடுத்த ஊரான அனந்தபுரத்திலிருந்துகூட ஆட்கள் வருவார்கள்.

கனவு மெட்டுக்கு அவர் பயப்படத் தொடங்கியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில். கனவில் ஒரு காலித் தொட்டில் ஆடியது. அதன் கிறீச்சொலியே ராகமாக விரிந்தது. ஆசையாகக் கோயிலில் வாசித்தார். அந்த மாதமே தலைச்சன் பிள்ளை தொட்டிலில் மூச்சடங்கிப்போனது.

மூன்று வருஷம் கழித்து மனைவி தைலம்மாள் மறுபடி நிறைமாசமாக இருந்தாள். ஒரு விடியலில், அவள் குளத்துத் தண்ணீருக்கு அடியில் மல்லாந்து கிடப்பதாகக் கனவு கண்டார். மேலே மழை. விழுந்த ஒவ்வொரு துளியும் சுரமாக ஒலித்தது. அப்படியொரு மெட்டு அவர் ஆயுசில் வாய்த்ததில்லை.

கெட்ட கனவைப் பசுவின் காதில் சொல்லிவிட்டால் பலிக்காது என்பார்கள். சொன்ன பிறகு அது மனிதர் காதில் விழக் கூடாது; விழுந்தால் பலித்துவிடும். விநாயகம் கொட்டகைக்குப் போய்க் குளத்தைச் சொன்னார், மழையைச் சொன்னார். மெட்டை மட்டும் ஒளித்துக்கொண்டார். அதையும் சொல்லிவிட்டால் பிறகு எப்படி வாசிப்பது?

வெயில் ஏறுவதற்குள் தைலம்மாளுக்கு வலி கண்டது. மத்தியானமாகியும் பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி செல்லம்மாள் வாசலுக்கு வந்தாள்.

"தலை திரும்பலய்யா. அவளுக்கு மயக்கம் மயக்கமா வருது. சாமிய வேண்டிக்க."

விநாயகம் கொட்டகைக்கு ஓடி, பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மெட்டை முதலிலிருந்து கடைசிவரை அதன் காதில் பாடினார். நிறுத்தாமல் திரும்பத் திரும்பப் பாடினார்.

"யோவ் மேளக்காரரே! பொண்டாட்டி செத்துப் பொழச்சிக் கெடக்கறா, நீ இன்னா மாட்டுக்குக் கச்சேரி பண்ணிக்கினு இருக்கற?" செல்லம்மாள் சிரித்தாள். "பொண்ணு பொறந்துருக்குது, வா."

உள்ளே பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. மெட்டு போனால் போகட்டும் என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏங்க, செவுத்துக்கு அந்தாண்ட பாடினீங்களே," என்றாள் தைலம்மாள். "அதப் புடிச்சிக்கினுதான் உசுரோட கெடந்தேன்."

சொல்லிவிட்டுப் பிள்ளைப் பக்கம் திரும்பி, ஒரு சுரம் பிசகாமல் அதை முனகினாள். பிள்ளை சட்டென்று அடங்கியது.

விநாயகம் பாய்ந்து அதன் மூக்கடியில் விரலை வைத்தார். மூச்சு சூடாகப் பட்டது. விரலை எடுக்க அவருக்குத் துணிவு வரவில்லை.